குக்கி: தமிழில் நினைவி

எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘நாங்கள் குக்கிகளைப் பயன்படுத்துகிறோம்’ என்று ஒரு பட்டை வந்து நிற்கிறது, நாமும் எரிச்சலில் ‘ஏற்கிறேன்’ என்பதைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறோம். தின்கிற குக்கிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சொல் டச்சுக்காரர்களுடையது. அவர்கள் மொழியில் ‘குக்’ என்றால் கேக், ‘குக்யெ’ என்றால் குட்டி கேக். அமெரிக்காவில் குடியேறியவர்கள் வழியாக அங்குள்ள ஆங்கிலத்தில் குக்கி ஆனது. ஒரு நிரல் இன்னொன்றிடம் கொடுத்துவைத்து, பிறகு அப்படியே திரும்பக் கேட்கும் தரவுத் துணுக்கை யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் வேலை செய்த நிரலாளர்கள் ‘மேஜிக் குக்கி’ என்றார்கள். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த நிரலாளர் லூ மொன்டூலி அந்த உத்தியை உலாவிக்குள் (பிரவுசருக்குள்) கொண்டுவந்தார், நாளடைவில் மேஜிக் உதிர்ந்து குக்கி மட்டும் நின்றது.

இது ஏன் தேவைப்பட்டது? உலாவியும் வலைத்தளமும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி (HTTP) நெறிமுறைக்கு ஞாபகமே கிடையாது. ஒரு பக்கத்தில் சட்டையைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால், நீங்கள் யாரோ புது ஆள். அதனால் முதல் வருகையிலேயே தளம் உங்கள் உலாவியிடம் ஒரு எண்ணைக் கொடுத்துவிடும், ஒவ்வொரு முறையும் உலாவி அதைத் திருப்பிக் காட்டும். கோயில் வாசலில் செருப்பு விடும்போது தரும் டோக்கன் மாதிரிதான்: அதில் உங்கள் பெயரா இருக்கிறது, வெறும் எண், ஆனால் எந்தச் செருப்பு என்று கொடுத்தவருக்குத் தெரியும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். உங்களைப் பற்றிய விவரம் பெரும்பாலும் குக்கிக்குள் இல்லை, அந்த எண்ணோடு சேர்த்துத் தளத்தின் சர்வரில் இருக்கிறது. குக்கியை அழித்தால் தொடர்பு அறும், சர்வரில் சேர்ந்தது அழியாது. உள்நுழைவுக் குக்கி களவுபோனாலோ, திருடியவருக்குக் கடவுச்சொல்லே வேண்டாம் என்கிற நிலை வரலாம். அதனால்தான் பொறுப்பான தளங்கள் அதை மறையாக்கம் செய்த இணைப்பில் மட்டும் அனுப்புகின்றன, வலைப்பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதைப் படிக்க முடியாதபடியும் தடுத்துவைக்கின்றன.

அப்புறம் மூன்றாம் தரப்புக் குக்கி. நீங்கள் போனது செய்தித் தளத்துக்கு, குக்கி வைப்பதோ அதில் விளம்பரம் போடும் நிறுவனம். அதே நிறுவனம் செருப்புக் கடையிலும் மருத்துவத் தளத்திலும் இருந்தால், ஒரே எண்ணை வைத்து உங்கள் நடமாட்டம் முழுவதையும் கோத்துவிடும். பட்டைகள் வந்ததே இந்த மாதிரிக் கண்காணிப்பால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. முன்பே டிக் போட்டுவைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று அதன் நீதிமன்றம் 2019-இல் சொன்னது. ஏற்பது ஒரே தட்டு, மறுப்பதற்கு நாலு இடம் அலைய வேண்டும் என்று வைத்திருந்ததற்காக கூகுளுக்கு 15 கோடி யூரோ அபராதம் போட்டதை 2022 ஜனவரியில் பிரான்ஸ் அறிவித்தது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குக்கி என்ற சொல் இல்லை, ஆனால் ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது.

சரி, தமிழில்? ‘நினைவி’ புழக்கத்தில் இருக்கிறது. உலாவி, செயலி, கணினி வரிசையில் ஒட்டிக்கொள்ளும் நல்ல சொல், வேலையையும் சொல்லிவிடுகிறது. விளம்பரக்காரர்களுடையதை மட்டும் ‘பின்தொடர் நினைவி’ என்று பிரித்துச் சொல்லலாம் என்பேன், வெறும் நினைவி என்றால் ரொம்ப நல்ல பிள்ளை மாதிரித் தெரிகிறது.