அந்தச் செல் இனிமேல் பிரியாது, கண்ணு

"மிஸ், அரை மணி நேரமா பாத்துட்டே இருக்கேன். இன்னும் பிரியவே இல்ல மிஸ்."

பதினொன்றாம் வகுப்புப் பையன். ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மறு கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்காமலே சொன்னான். நான் குனிந்து பார்த்தேன். வெங்காய வேர்நுனியில் அவ்வளவு சுத்தமான ஸ்லைடை இந்த வருடம் நான் பார்க்கவில்லை. நட்டநடுவில் ஒரு மெட்டாஃபேஸ் செல், குரோமோசோம்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அது அனாஃபேஸ் ஆகும், அதாவது குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் விலகும் என்றுதான் காத்திருக்கிறான். ஆகவில்லை என்றதும் தன் ஸ்லைடு கெட்டுவிட்டதாக முடிவுகட்டி, பக்கத்துப் பெண்ணின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து செல் பிரிதலின் நான்கு நிலைப் படங்களையும் வரைந்து முடித்திருந்தான்.

தாவரவியல் ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்கு மாற்றுப்பணியில் போய்வருகிறேன். பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று சுற்றியதில் இந்த ஒரே வருடத்தில் இப்படிக் காத்திருந்த நான்காவது பிள்ளை இவன். முதல் மூன்று பேருக்கும் நின்று விளக்கினேன். நான்காவது பிள்ளையைப் பார்த்ததும் மனசு பொறுக்கவில்லை. "கொஞ்ச நேரம் பாரு, தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனது அவனுடைய ஆசிரியரே.

சக ஆசிரியர்களே, ஐயா, அம்மா, அந்த ஸ்லைடில் இருக்கும் செல் செத்துப்போய்விட்டது. வேர்நுனியை வெட்டி ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே அதன் உயிர் போய்விட்டது. மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அடர் அசிட்டிக் அமிலம், அதில் ஒரு நாள் முழுக்க ஊறியது. பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலம், அசிட்டோகார்மைன் சாயம், தீயில் வாட்டல், கடைசியாகக் கட்டைவிரலால் ஒரு நசுக்கு. இத்தனைக்கும் பிறகு அது பிரியுமா? எந்த நொடியில் செத்ததோ அந்த நொடியின் நிலையிலேயே நிற்கிறது. மெட்டாஃபேஸில் செத்தது மெட்டாஃபேஸ்தான். நாளைக்கு வந்து பார்த்தாலும் மெட்டாஃபேஸ்தான்.

அப்படியானால் செல் பிரிதலை எப்படிப் "பார்க்கிறோம்"? தொப்பூர் கணவாயை மேலிருந்து ஒரே ஒரு போட்டோ எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் எந்த லாரியும் ஓடாது. ஆனால் ஒரு லாரி ஏற்றத்தின் தொடக்கத்தில், ஒன்று வளைவில், ஒன்று உச்சியில் என்று எல்லா இடத்திலும் லாரிகள் நிற்கும். அவற்றை வரிசைப்படுத்தினால் ஒரு லாரியின் முழுப் பயணமும் கிடைத்துவிடும். அதற்கு மேலும் ஒன்று கிடைக்கும். சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கி ஏறும் பக்கத்தில் லாரிகள் நெருக்கியடித்துத் தெரியும், சமதரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். எங்கே அதிக நேரம் பிடிக்கிறதோ அங்கே அதிக வண்டி.

வேர்நுனியும் அப்படித்தான். நூறு செல்களை எண்ணினால் பெரும்பான்மை இரண்டு பிரிதல்களுக்கு நடுவிலான இடைக்கால நிலையில்தான் இருக்கும், ஏனென்றால் செல் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அங்கேதான் செலவிடுகிறது. பிரிந்துகொண்டிருப்பவற்றில் முதல் நிலையான புரோஃபேஸ் நிறையத் தெரியும், அனாஃபேஸைத் தேட வேண்டியிருக்கும், அது சட்டென்று முடிகிற நிலை. ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 100 செல்லில் 5 புரோஃபேஸ் என்றால் புரோஃபேஸுக்குப் பிடிக்கும் நேரம் 1 மணி. செத்த செல்லை எண்ணி உயிருள்ள செல்லின் கடிகாரத்தைப் படிக்கிறோம். இந்தச் செய்முறையின் அழகே இதுதான். இதை விட்டுவிட்டு நான்கு படம் வரையச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறோம்.

உயிரோடு பிரிவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிற பிள்ளை இருந்தால் விடாதீர்கள். டிரடெஸ்கான்ஷியா பூவின் மகரந்தத்தாளில் இருக்கும் மயிர்களில் அதைப் பார்க்க முடியும். ஓசூர் நர்சரிகளில் அந்தச் செடியைத் தேடிப் பாருங்கள். மொட்டு விரியும் முன் எடுக்க வேண்டும், மணிக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

நான்கு நிலைகளை நான் இங்கே விளக்கப்போவதில்லை, புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தும்போது வயிறு எரிகிறது. விலங்குச் செல்லில் இருக்கும் சென்ட்ரியோலை வெங்காயச் செல்லில் வரைகிறார்கள். வெங்காயத்துக்கு ஏது சென்ட்ரியோல்? கடைசி நிலையான டீலோஃபேஸில் செல் நடுவில் இடுப்பு ஒடுங்குவதுபோல் வரைகிறார்கள். அது விலங்குச் செல். தாவரச் செல்லில் நடுவிலிருந்து செல் தட்டு உருவாகி ஓரத்துக்கு வளரும். குரோமோசோம் நான்கு போடுகிறார்கள். வெங்காயத்துக்கு 16. பார்த்து வரைந்தவன் 16ஐயும் எண்ணியிருக்க மாட்டான்தான், ஆனால் நான்கு என்று ஒருநாளும் போடமாட்டான். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள், இப்படிக் குனிந்து குரோமோசோம்களை எண்ணியவர்தான். 1945இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டார். நம் பிள்ளைகள் பக்கத்து நோட்டை எண்ணுகிறார்கள்.

இன்னொன்று, வெங்காயத் தோலை உரித்து ஸ்லைடு போட்டுவிட்டு "பிரிதல் காணோம்" என்று சொல்லாதீர்கள். தோல் வளர்ந்து முடிந்த செல். அங்கே பிரிதல் கிடைக்காது.

இனி கவனமாகச் செய்ய வேண்டியவை. முதலில் கண்.

நம் பள்ளிகளில் பாதி நுண்ணோக்கிகள் கண்ணாடி வைத்தவை. மின்விளக்கு கிடையாது. வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலோரம் கொண்டுபோய், கண்ணாடியை நேராகச் சூரியனுக்குத் திருப்புகிறார்கள். தர்மபுரி வெயில்! தயவுசெய்து, கெஞ்சிக் கேட்கிறேன், ஒரு பிள்ளையும் அதைச் செய்ய விடாதீர்கள். குவிந்த வெயில் விழித்திரையைச் சுட்டுவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் பிள்ளை கத்தாது, கையை எடுக்காது. பார்வையில் ஒரு புள்ளி மங்கிய பிறகுதான் தெரியும். வெள்ளைச் சுவர், வெளிறிய வானம், டியூப்லைட் போதும். வகுப்பு தொடங்கும் முன் ஒவ்வொரு கண்ணாடியையும் நீங்களே திருப்பி வையுங்கள்.

அடுத்து அமிலம். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆய்வகத்தில், பெயர் ஒட்டாத பாட்டிலைத் தண்ணீர் என்று நினைத்து ஒரு பெண் கையில் ஊற்றிக்கொண்டாள். உடனே குழாயடியில் நீண்ட நேரம் கையைப் பிடித்ததால் தப்பினாள். பெயர் ஒட்டாத பாட்டில் ஆய்வகத்தில் இருக்கக் கூடாது. நீர்க்க வைக்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். அந்த வேலை ஆசிரியருடையது, பிள்ளைகளுடையது அல்ல. ஒன்பது சொட்டு அசிட்டோகார்மைனுக்கு ஒரு சொட்டு 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் வேர்நுனிகளைப் போட்ட வாட்ச் கிளாஸை, அதாவது குழிந்த சிறு கண்ணாடித் தட்டை, ஸ்பிரிட் விளக்குக்கு மேலே காட்டிக் காட்டி எடுங்கள். ஆவி வந்தால் போதும், கொதித்தால் வேர் கெட்டது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நுனியில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் எடுங்கள். சாயம் அதிகம் ஏறிக் கருஞ்சிவப்பாகத் தெரிகிற பகுதி அது. மீதியை வெட்டி எறியுங்கள், ஆசைப்பட்டு அரை அங்குலம் வைக்காதீர்கள். சாயம் வெளிறியிருந்தால் இரும்பு ஊசியால் கிளறுங்கள், இரும்பு பட்டால் கார்மைன் கருக்கும். அதிகமாகக் கிளறினால் கசடு விழும். கவர் ஸ்லிப்பின் மேல் உறிஞ்சுதாளை மடித்து வைத்து நேராக அழுத்துங்கள், பக்கவாட்டில் நகர்த்தினால் எல்லாம் சுருண்டுபோகும். வெறும் விரலால் அழுத்திக் கண்ணாடி குத்திய கட்டைவிரல்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் 10எக்ஸ் லென்ஸில் பாருங்கள். 40எக்ஸுக்குத் திருப்பும்போது கண் பக்கவாட்டில் லென்ஸைப் பார்க்க வேண்டும், உள்ளே அல்ல.

வெங்காயம் புதிதாக அறுவடையானது வேண்டாம், அது உறக்கத்தில் இருக்கும். நன்றாகக் காய்ந்த பழைய வெங்காயத்தின் அடியில் உலர்ந்த வேர்களைப் பிளேடால் லேசாகச் சுரண்டி, பாட்டில் வாயில் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் ஒன்றிரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும். பகல் மூன்றாம் பீரியடில் வெட்டுவதைவிட, பிரேயர் மணி அடிக்கும் முன்பே வெட்டித் திரவத்தில் போட்டால் பிரியும் செல்கள் நிறையக் கிடைப்பது என் அனுபவம்.

வெள்ளிக்கிழமை மாலை வெங்காயத்தை வைத்துவிட்டுப் போங்கள், செவ்வாய் காலை வெட்டுங்கள், புதன்கிழமை பிள்ளைகள் எண்ணட்டும். படம் வரைவது வியாழக்கிழமை.