பக்கத்து வீட்டுத் தொல்லைக்குச் சட்டத்தில் என்ன வழி?

பக்கத்து வீட்டுக் குளியலறைத் தண்ணீர் உங்கள் சுவரோரம் வந்து தேங்குகிறது. பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் ரசீதைக் கையில் தந்து, "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள். பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அப்படி விடத் தேவையில்லை. காவலர் சொன்னது உண்மையிலேயே ஒரு வழிதான்.

ஒருவர் தன் இடத்தில் செய்கிற காரியம், அடுத்த இடத்துக்காரர் தன் சொத்தை நிம்மதியாக அனுபவிக்க முடியாதபடி கெடுத்தால், அதைச் சட்டம் தனியார் தொல்லை என்கிறது. இதற்கென்று தனிச் சட்டப் புத்தகம் கிடையாது. நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்தது இது. தடையுத்தரவு, நஷ்ட ஈடு போன்ற பரிகாரங்களுக்கு 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் உதவுகிறது.

எல்லாச் சங்கடமும் தொல்லை ஆகிவிடாது. ஒருநாள் விசேஷத்துக்கு மேளம் அடித்தால் பொறுத்துத்தான் போக வேண்டும். சாதாரண மனிதர் ஒருவர் அந்த வீட்டில் இருந்தால் அவருக்கும் தாங்க முடியாததாக இருக்குமா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஒரு டாக்டரின் கிளினிக்குக்குச் சுமார் 40 கஜம் தள்ளி ஒருவர் செங்கல் பொடிக்கும் இயந்திரம் வைத்தார். பறந்த தூசி நோயாளிகளின் துணியில் சிவப்பாகப் படிந்தது. கீழ் நீதிமன்றங்களில் டாக்டர் தோற்றார். அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி இயந்திரத்துக்குத் தடை போட்டது. அதே நீதிமன்றம் மாவு மில் வழக்கு ஒன்றில் சொன்னது இன்னும் முக்கியம்: ஏற்கனவே இரைச்சலான தெருவாக இருந்தாலும், புதிதாக ஒரு இயந்திரம் வந்து சத்தத்தைக் கணிசமாகக் கூட்டினால் அதுவும் தொல்லைதான். "கடைத்தெருவில் குடியிருந்தால் இப்படித்தான் இருக்கும்" என்று யாராவது வாயை அடைத்தால் இதைச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மேட்டு நிலத்தில் பெய்த மழை தானாக வழிந்து பள்ளத்து நிலத்துக்கு வந்தால், பள்ளத்துக்காரர் அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அடுத்தவர் நிலத்தின் மேல் ஒருவருக்கு உள்ள அனுபவ உரிமைகளைப் பற்றிய 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம், 7-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் இது இயற்கையாக ஓடும் தண்ணீருக்கு மட்டும். குழாய் வைத்து உங்கள் பக்கம் திருப்பிவிட்ட கூரைத் தண்ணீருக்கும், குளியலறை, கழிவுத்தொட்டித் தண்ணீருக்கும் இந்தச் சலுகை கிடையாது.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அடுத்தவர் இடத்தின் மேல் ஒரு வசதியை உரிமையாகக் கொண்டாடி, வெளிப்படையாக, அமைதியாக, இடைவிடாமல் 20 ஆண்டு அனுபவித்தால் அது சட்டப்படி உரிமையாகவே ஆகிவிடலாம். "சொந்தக்காரங்கதானே, போகட்டும்" என்று வருடக்கணக்கில் பேசாமல் இருப்பது பிற்பாடு உங்களுக்கே பாதகமாக முடியும். அனுமதி கொடுத்திருந்தால் ஒரு தாளிலாவது எழுதி வாங்கி வையுங்கள். அனுமதியின் பேரில் அனுபவித்தது உரிமை ஆகாது.

வெளிச்சத்துக்கும் இதே 20 ஆண்டுக் கணக்குத்தான். அத்தனை காலம் உங்கள் ஜன்னல் வழியே வந்த வெளிச்சத்தைப் பக்கத்துப் புதுக் கட்டடம் கணிசமாக மறைத்தால் கேட்கலாம். காலி மனைக்கு அந்த உரிமை வராது.

மரம் பற்றித்தான் சண்டை அதிகம். உங்கள் எல்லைக்குள் நீண்ட கிளையை, உங்கள் இடத்தில் நின்றபடியே, எல்லை வரை வெட்டலாம். வெட்டிய கிளையும் காயும் மரத்துக்காரருடையது. வேலி தாண்டிப் போய் மரத்தையே வெட்டினால் குற்றம் உங்கள் மேல் வரும். தென்னை உங்கள் ஓட்டின் மேல் சாய்ந்து, விழுந்துவிடும் என்கிற நிலையில் இருந்தால் சிவில் வழக்கு வரை காத்திருக்க வேண்டாம். வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுங்கள். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்தாக நிற்கும் மரத்தையும் கட்டடத்தையும் அகற்றச் சொல்லும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு.

மற்றபடி சிவில் நீதிமன்றம்தான். தண்ணீர் தேங்கும்போதே தேதியோடு போட்டோ எடுங்கள், சுவர் ஊறியதைக் கொத்தனாரிடம் காட்டி மதிப்பீடு வாங்குங்கள், தூசியால் இருமல் என்றால் மருத்துவச் சீட்டை எடுத்து வையுங்கள். வழக்கறிஞர் நோட்டீஸிலேயே நிறையப் பேர் இறங்கி வருவார்கள். வழக்குப் போட்டால் இடைக்காலத் தடை கேட்கலாம். கூடவே வழக்கறிஞர் ஆணையரை (இடத்தைப் பார்க்க நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர்) நியமிக்கும்படி மனுப் போடுங்கள், தயங்காதீர்கள். அவர் நேரில் வந்து பார்த்து எழுதித் தரும் அறிக்கைக்கு, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்வதைவிட எடை அதிகம். தொல்லை தொடர்ந்துகொண்டே இருக்கும்வரை வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவும் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்கும். ஆனால் மேலே சொன்ன 20 ஆண்டை மறந்துவிடாதீர்கள்.

கோர்ட் செலவை நினைத்துப் பயந்தால், வழக்குப் போடும் முன்பே உங்கள் தாலுகா நீதிமன்றத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.