ராஜா புரூக்: பெயரும் பச்சையும்

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், குவாலா வோ சுடுதண்ணி ஊற்றுப் பக்கம், ஈர மணலில் உட்கார்ந்து நீர் உறிஞ்சும் பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சிக்கு எங்கள் ஊரில் ஒரே பெயர்தான்: ராஜா புரூக். தோட்டத்து ஆட்களும் அப்படித்தான் சொல்வார்கள். மலாய்க்காரர்கள் 'ராமா-ராமா ராஜா புரூக்' என்பார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கட்டுரை எழுதும்போதுதான் தகராறு. "டீச்சர், அரசன் வண்ணத்துப்பூச்சின்னு எழுதலாமா?" எழுதக் கூடாது. அரசன், மன்னன் என்று தமிழில் சொல்லப்படுவது மோனார்க் என்ற ஆரஞ்சு நிறப் பூச்சி. அது அமெரிக்கக் கண்டத்து ஆள். நம்மூர்க்காரருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இங்கே ராஜா என்பது ஒரு மனிதரின் பட்டம். ஜேம்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயர் 1841இல் போர்னியோத் தீவில் இருக்கும் சரவாக்கின் ராஜா ஆனார். அவர் குடும்பம் 1946 வரை அங்கே ஆண்டது. இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் சரவாக்குக்கு வந்து, மறு ஆண்டே இந்தப் பூச்சியைக் கண்டு, தமக்கு ஆதரவளித்த புரூக்கின் பெயரை அதற்குச் சூட்டினார். 'புரூக்கியானா' என்ற அறிவியல் பெயர் அப்படி வந்தது. ராஜா என்ற சொல்லோ வடமொழியிலிருந்து மலாய்க்கும் போய், தமிழிலும் குடியேறி, வெள்ளைக்காரரின் பட்டமாகி, கடைசியில் பூச்சியின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 'ராஜா புரூக்' என்பதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அப்படியே எழுதுவதுதான் முறை.

மொழிபெயர்க்க வேண்டியது ஆங்கிலப் பெயரில் அதற்குப் பின்னால் வரும் 'பெர்ட்விங்'. இந்த இனப் பூச்சிகள் பறவை அளவுக்குப் பெரியவை; ராஜா புரூக் சிறகை விரித்தால் 15 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். வாலஸ் எழுதிய அறிவியல் பெயரின் முதல் பகுதி 'ஆர்னித்தாப்டெரா'. கிரேக்கத்தில் 'ஆர்னிஸ்' பறவை, 'ப்டெரான்' சிறகு. ஹெலிகாப்டர் என்ற சொல்லின் வாலில் தொங்குவதும் இதே ப்டெரான்தான். பிற்பாடு இதைத் தனிப் பேரினமாக்கி 'ட்ரோகனாப்டெரா' என்றார்கள். ட்ரோகன் என்பது தமிழில் தீக்காக்கை என்று நாம் சொல்லும் பறவைக் குடும்பம். சிறகின் குறுக்கே வரிசையாக நிற்கும் பச்சை முக்கோணங்கள், மெக்சிகோ நாட்டுத் தீக்காக்கையின் இறகுகளைக் கறுப்பு வெல்வெட்டில் அடுக்கினாற்போல இருந்ததாக வாலஸ் எழுதியிருக்கிறார். பெர்ட்விங்கைப் 'புட்சிறகி' என்று இலக்கணம் பார்த்து ஆக்கலாம், ஆனால் வாயில் நிற்காது. 'பறவைச்சிறகு' போதும்.

சரி, அந்தப் பச்சை என்ன பச்சை? இலையில் இருப்பதுபோல் பச்சை நிறமி இதன் சிறகில் செய்த வேலை இல்லை. வண்ணத்துப்பூச்சியின் சிறகில் தூள்போல ஒட்டுவதெல்லாம் மிகச் சிறிய செதில்கள். ஆண் ராஜா புரூக்கின் பச்சைச் செதில்கள் நன்றாக வளைந்தவை. அவற்றுக்குள் மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகளில் பச்சை மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு வெளியே வருகிறது. இடையிடையே மெலனின் என்ற கருநிறமி தடுப்புச் சுவர்போல் நின்று, கண்டபடி சிதறும் ஒளியை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் அந்தப் பச்சை குறிப்பிட்ட திசையில் மட்டும் பளீரென்று அடிக்கிறது. கேமரன் மலைக் கடைகளில் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து விற்கும் பூச்சியை எடுத்துச் சற்றே சாய்த்துப் பாருங்கள்: எரிகிற பச்சை சட்டென்று அவிந்து, கறுப்போடு கறுப்பாகிவிடும். திருப்பினால் மறுபடி வரும். (பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள பூச்சி இது. காட்டிலிருந்து யார் பிடித்தது, எந்த உரிமத்தில் விற்கிறார்கள் என்று கேட்டால் கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.) அதே பூச்சியின் கழுத்துச் சிவப்பில் நிறமியும் உண்டு, அடுக்குகளும் உண்டு, அந்த அடுக்குகள் திருப்பி அனுப்புவது நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை.

இப்படிச் சாயத்தால் இல்லாமல் அமைப்பால் வரும் நிறத்தைக் 'கட்டமைப்பு நிறம்' என்று எழுதலாம். சரியான சொல்தான், பாடப்புத்தகத்துக்கு ஏற்றது. ஆனால் கோணத்துக்குக் கோணம் மாறும் அந்தப் பளபளப்புக்கு, ஆங்கிலத்தில் 'இரிடெசன்ஸ்' என்று வானவில் தெய்வமான ஐரிஸின் பெயரால் சொல்வதற்கு, நம்மிடம் புடவைக்கடைச் சொல் ஒன்று தயாராக இருக்கிறது: மயில்கழுத்து. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த பட்டு, மடிப்பு அசைய அசைய நீலமும் பச்சையுமாக மாறுமே, அது. மயிலின் கழுத்து நிறமும் இறகின் நுண்ணமைப்பால் வருவதுதான். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற எந்த அத்தைக்கும் இது விளங்கும். 'மயில்கழுத்து மினுக்கம்' என்றால் அகராதி தேவையில்லை.

இன்னொரு சிக்கல் ஆண்பால், பெண்பால் பற்றியது. தமிழ்நாட்டில் இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்கு ரோஜா அழகி, சிவப்புடல் அழகி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் இதைப் 'பச்சை அழகி' என்று எழுத ஆசை வரும். ராஜா புரூக்கில் பளபளக்கும் பச்சை ஆணுக்குத்தான். பெண்ணின் சிறகு பழுப்பேறி இருக்கும், முன்சிறகு நுனியில் வெள்ளைத் திட்டு உண்டு. ஆற்றோரம் கூட்டமாக வந்து தாது உப்பு உறிஞ்சுவதும் ஆண்களே. பெண்ணைப் பார்ப்பது அரிது, பெரும்பாலும் மர உச்சியில்தான் திரியும். அழகி வேண்டாம், அழகன் என்றால் பொருந்தும்.

கட்டுரையில் எழுதும் பிள்ளைகளுக்கு: "ராஜா புரூக் பறவைச்சிறகு மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி. ஆணின் கறுப்புச் சிறகில் மயில்கழுத்து மினுக்கம் கொண்ட பச்சை முக்கோணங்கள் இருக்கும்." வண்ணத்துப்பூச்சியா, பட்டாம்பூச்சியா என்று கேட்டால், இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு.