சொல் விளக்கம்: ஹெக்ஸ் மேப்

ஒரு நிலப்பரப்பை ஒரே அளவுள்ள அறுகோணக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் காடு, மலை, சதுப்பு, ஊர், பாழடைந்த கோட்டை என்று அங்கே இருப்பதைக் குறித்துக் காட்டும் படமே ஹெக்ஸ் மேப் எனப்படுகிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுகளில், ஆட்டத்தை நடத்துபவர் தாம் படைத்த உலகைத் தாளில் இறக்கி வைப்பதற்குப் பெரும்பாலும் இந்தப் படத்தையே நம்புகிறார். குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் கூடி ஆடும் எங்கள் குழுவில் தமிழ்வழி படித்தவர்களும் மலையாளவழி படித்தவர்களும் கலந்திருப்பதால், இந்தப் பொருளுக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு பலமுறை எழுந்திருக்கிறது. அந்தப் பேச்சிலிருந்து விளைந்தது இந்தக் குறிப்பு.

ஹெக்ஸ் என்பது கிரேக்க மொழியில் ஆறு என்னும் எண்ணின் பெயர். வடமொழியின் ஷட், இலத்தீனின் செக்ஸ், ஆங்கிலத்தின் சிக்ஸ் ஆகியவை இதற்கு உடன்பிறப்புகள். கிரேக்கத்தில் கோணத்தைக் குறிக்கும் கோனியா என்ற சொல் இதனோடு சேர்ந்து ஹெக்ஸகன் பிறந்தது. ஆட்டக்காரர்கள் அதன் வாலை வெட்டி ஹெக்ஸ் என்று மட்டும் சொல்லத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் சூனியம், செய்வினை என்னும் பொருளிலும் ஹெக்ஸ் என்றொரு சொல் வழங்குகிறது. அது ஜெர்மானிய மொழியில் சூனியக்காரியைக் குறிக்கும் ஹெக்ஸ என்ற சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவே இல்லை. மந்திரவாதிகள் நிறைந்த விளையாட்டு என்பதால், இது மந்திரப் படம் போலும் என்று புதிதாக வருபவர்கள் எண்ணிக்கொள்வது இயல்பு. ஆகவே இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்தக் கட்டங்கள் கற்பனை விளையாட்டுக்குள் போர் விளையாட்டிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் அவலான் ஹில் நிறுவனம் முதலில் சதுரக் கட்டங்களைக் கொண்ட போர்ப் பலகைகளை வெளியிட்டு, 1961 இல் அறுகோணத்துக்கு மாறியது. 1974 இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, காட்டுப் பயணங்களுக்கு அதே நிறுவனத்தின் அவுட்டோர் சர்வைவல் என்னும் விளையாட்டின் பலகையைப் பயன்படுத்திக்கொள்ளும்படி தம் விதிநூலில் பரிந்துரைத்தார்கள். அந்தப் பலகை முழுவதும் அறுகோணங்கள்தாம். 1977 இல் வந்த டிராவலர் என்னும் கற்பனை விளையாட்டு விண்வெளியையே இப்படிக் கட்டம் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு பார்செக் (ஏறக்குறைய 3.26 ஒளியாண்டு) என்று அளவு வைத்தது.

ஏன் சதுரம் போதவில்லை? சதுரக் கட்டத்தில் பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு பங்குத் தொலைவு, மூலைவழியே நகர்ந்தால் ஏறக்குறைய 1.4 பங்குத் தொலைவு. இரண்டையும் ஒரே நகர்வாக எண்ணினால், மூலைவழி போகிறவருக்கு இலவசமாக வழி கிடைத்துவிடும். அறுகோணத்தில் அண்டைக் கட்டங்கள் ஆறு. ஆறின் நடுப்புள்ளிகளும் சம தொலைவில் இருக்கும். இடைவெளி விடாமல் தளத்தை நிரப்பக்கூடிய ஒழுங்கு வடிவங்கள் முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்று மட்டுமே. அந்த மூன்றில் எல்லா அண்டையையும் ஒரே தொலைவில் வைத்திருப்பது அறுகோணம் ஒன்றுதான். தமிழில் ஆறு என்ற சொல்லே எண்ணையும், நதியையும், வழியையும் குறிப்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க என்னால் முடிவதில்லை. ஒரு கட்டத்திலிருந்து வெளியேற ஆறு ஆறுகள் உண்டு என்று எழுதினால் அது சிலேடையாகவும் இருக்கும், உண்மையாகவும் இருக்கும்.

இனித் தமிழ்ப் பெயருக்கு வருவோம். அறுகோண வரைபடம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற பெயர். பிழையில்லாத பெயர்தான் என்றாலும் அதில் இரண்டு இடர்கள் உண்டு. வரைபடம் என்பது கணக்கில் வரும் கோட்டுப் படத்துக்கும் வழங்குவதால், நாட்டைக் காட்டும் படத்துக்கு நிலப்படம் என்பதே தெளிவு. அடுத்த இடரை நாங்கள் நேரிலேயே பார்த்தோம். தாள் நிறைய அறுகோணம் அச்சடித்துத் தரும்படி ஒரு கணினிக் கடையில் சொல்லிவிட்டு வந்து, மறுநாள் போய் வாங்கிப் பார்த்தால், தாள் முழுவதும் ஆறு முனை நட்சத்திரங்கள். அடித்துக் கொடுத்தவர் பழனிக்கு மாலை போடுகிறவர். அவருக்கு அறுகோணம் என்றால், இரண்டு முக்கோணங்கள் ஒன்றையொன்று ஊடறுத்து, முனைக்கு ஓர் எழுத்தாகச் சரவணபவ எழுதப்பட்ட முருகன் யந்திரம்தான். அவர் செய்ததைத் தவறு என்று சொல்ல முடியாது. அந்தச் சொல்லுக்கு வழிபாட்டில் அந்தப் பொருள் உறுதியாக இருக்கிறது.

மலையாளவழி படித்த பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவர்களுடைய கணக்குப் பாடத்தில் இது ஷட்புஜம். தமிழ் கோணத்தை எண்ணிப் பெயரிட்ட இடத்தில் மலையாளம் பக்கத்தை எண்ணிப் பெயரிட்டிருக்கிறது. கட்டத்தை அவர்கள் களம் என்கிறார்கள்; சதுரங்கப் பலகையில் இருப்பவையும் அவர்களுக்கு அறுபத்துநான்கு களங்கள். தமிழிலும் ஏர்க்களம், போர்க்களம் என்று அந்தச் சொல் உயிரோடு இருப்பதால், அதையே எடுத்துக்கொள்ளலாமா என்று நான் சில காலம் எண்ணியதுண்டு. ஆனால் தமிழ்க் காதுக்குக் களம் என்பது திறந்துகிடக்கும் ஒரு பெரிய வெளி. எண் போட்டு, வரிசை வைத்து, அடுத்தடுத்துக் கோக்கப்பட்ட சிறு கூறு என்ற உணர்வு அதில் வருவதில்லை.

அந்த உணர்வு கட்டம் என்ற சொல்லில் முழுமையாக இருக்கிறது. தாயத்தில் கட்டம், ஜாதகத்தில் கட்டம், கோலத்தில் கட்டம், சேலையில் கட்டம் என்று நாள்தோறும் புழங்கும் சொல் அது. எங்கள் பக்கத்தில் தாயம் ஆடும்போது காய் வெட்டுப்படாமல் தங்கும் குறுக்குக்கோட்டுக் கட்டத்தை மலை என்கிறார்கள். கட்டத்துக்குள் மலை வைக்கும் வழக்கம் நம் ஆட்டத்தில் முன்பே உண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் விட எனக்கு முதன்மையாகப் படுவது, கட்டம் என்பது இடத்தோடு காலத்தையும் குறிக்கிறது என்பதுதான். முதற்கட்டம், அடுத்த கட்டம், இறுதிக்கட்டம் என்கிறோம். விளையாட்டில் ஹெக்ஸ் செய்யும் வேலையும் இதேதான்: அது நிலத்தின் ஒரு துண்டு, கூடவே பயணத்தின் ஒரு பொழுது. 1981 இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளின்படி, சுமை குறைவாக உள்ள ஒருவர் சமவெளியில் ஒரு நாளைக்கு 24 மைல் நடப்பார். மலையில் அதில் பாதிதான். கட்டத்தின் அகலம் 6 மைல் என்று வைத்தால், சமவெளியில் நாளொன்றுக்கு 4 கட்டம், மலையில் 2 கட்டம். தாளைப் பார்த்து விரலால் எண்ணினாலே நாள் தெரிந்துவிடுகிறது.

இதைக் குமுளியில் இருந்துகொண்டு விளக்குவது எளிது. லோயர் கேம்ப் கம்பம் பள்ளத்தாக்கின் அடிவாரம், குமுளி மலைமேல். இரண்டுக்கும் நேர்க்கோட்டில் சில கிலோமீட்டர்தான் என்றாலும், கொண்டைஊசி வளைவுகளில் சுற்றி ஏறும்போது காற்றும் மரங்களும் மாறிவிடுகின்றன. எங்கள் கற்பனை நாட்டுக்கு இந்த மலைவழியையே மாதிரியாக வைத்து வரைந்தபோது, பச்சைப் பென்சிலைப் பிடித்திருந்த பையன், “மாமா, இந்தக் களத்துக்குக் காடு போடவா, வயல் போடவா?” என்று கேட்டான். அந்த ஒரே கட்டத்துக்குள் திராட்சைத் தோட்டமும் ஏலக்காடும் விழுந்திருந்தன. கட்டம் ஒன்றுக்கு நிலவகை ஒன்று என்பது ஹெக்ஸ் மேப்பின் அடிப்படை ஒழுங்கு. அதனால், பயணம் செய்பவரை எது அதிகம் தாமதப்படுத்துமோ அதையே போடும்படி சொன்னேன். அவன் மலையை வரைந்து, அதன்மேல் சாலைக் கோட்டை இழுத்தான். இரண்டு நிலமும் கதைக்கு வேண்டுமென்றால், அந்தக் கட்டத்தை மட்டும் தனித்தாளில் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்வதே முறை. அவற்றுக்கு உட்கட்டம் என்ற பெயர் தானாகவே அமைந்துவிடுகிறது.

ஆகவே என் முடிவு இது. பொருளை முதன்முறை அறிமுகப்படுத்தும் இடத்தில் அறுகோணக் கட்ட நிலப்படம் என்று முழுமையாக எழுதலாம். அதன்பின் கட்டப் படம், கட்டம் என்ற சுருக்கமே போதும். கட்டப் படம் என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் கட்டப்படும் என்று கண் தவறாகப் படித்துவிடும். பிரித்து எழுதுவது நல்லது. அறுகட்டம் என்று சுருக்கும் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் அறுசுவை ஆறு சுவைகளைக் குறிப்பதுபோல, அறுகட்டம் ஆறு கட்டங்களையே குறிக்கும் என்பதால் அதைக் கைவிட்டேன். முன்னேற்பாடான கதை எதுவும் இல்லாமல், ஆட்டக்காரர்கள் தாங்களே திசை தேர்ந்து புதுக் கட்டங்களைத் திறந்துபார்க்கும் ஆட்டமுறைக்கு ஹெக்ஸ்கிரால் என்று பெயர். ஆங்கிலச் சொல்லில் உள்ள ஊர்தலைத் தமிழுக்கு இழுத்துவர வேண்டியதில்லை. கட்டத்தேடல் என்றால் செய்யும் வேலை விளங்கிவிடும்.

அளவுக்கும் ஒரு பழஞ்சொல் காத்திருக்கிறது. காதம் என்பதற்கு ஏறத்தாழ பத்து மைல் என்று அகராதி பொருள் சொன்னாலும், அது எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருந்த அளவு அன்று. சிலப்பதிகாரத்தில், புகாரை விட்டுச் சற்றுத் தொலைவே நடந்து களைத்த கண்ணகி மதுரை எங்கே என்று கேட்க, கோவலன் ‘ஆறைங் காதம்’, அதாவது முப்பது காதம் என்கிறான். பூம்புகாரிலிருந்து மதுரைக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் ஒரு காதம் எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய 5 மைல். தொடக்ககாலக் கட்டப் படங்கள் சிலவற்றில் கட்டத்துக்கு வைத்த அளவும் 5 மைல்தான். குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில், இரு மாநில எல்லையில் கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமிக்கு இங்கிருந்து ஜீப்பில் போவார்கள். அந்த மலையைப் பார்த்தபடி வரைந்த எங்கள் படத்தின் கீழ்மூலையில், மைல் என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு, 1 கட்டம் = 1 காதம் என்று எழுதியிருக்கிறோம்.