ஹேஷ்டேக் என்னும் கொத்துக்குறி

செல்போனில் மீதிப் பணம் பார்க்க நட்சத்திரம், மூன்று எண், கடைசியில் ஹேஷ் என்று தட்டிப் பழகியவர்கள் நாம். அந்த # குறிக்கு ஆங்கிலத்திலேயே பல பெயர்கள். அமெரிக்கருக்கு அது 'பவுண்ட்'. ரோமானியரின் எடை அளவான 'லிப்ரா'வைச் சுருக்கி 'எல்', 'பி' என்று எழுதி, சுருக்கம் என்று காட்ட மேலே ஒரு குறுக்குக்கோடு இழுப்பது வழக்கம். கணக்கெழுதுகிறவர்கள் அவசரத்தில் கிறுக்கக் கிறுக்க எழுத்து தேய்ந்து, கோடுகள் மட்டும் மிஞ்சின. 'ஹேஷ்' என்பது, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறுவதைச் சொல்லும் 'ஹேட்ச்' திரிந்து வந்ததாக இருக்கலாம். 'டேக்' நமக்குத் தெரிந்ததுதான்: புதுச் சட்டையில் தொங்கும் விலைச்சீட்டு.

1960களின் கடைசியில் அமெரிக்கத் தொலைபேசிப் பொத்தான்களில் இந்தக் குறி ஏறியது. 1988இல் தொடங்கிய ஐஆர்சி என்ற இணைய அரட்டையில், அரட்டை அறையின் பெயருக்கு முன்னால் நின்றது. 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா என்பவர், குழுக்களைக் குறிக்க # போட்டால் எப்படி என்று ட்விட்டரில் கேட்டார். அவர் கேட்டது குழுவுக்கான குறி. தலைப்போ விளம்பர வாசகமோ அவர் மனதில் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் சான் டியாகோ பகுதியில் காட்டுத்தீ பரவியபோது, செய்திகளை ஒரே இடத்தில் சேர்க்க இந்தக் குறி கைகொடுத்தது. 2009 ஜூலையில் ட்விட்டர் # போட்ட சொற்களைத் தட்டினால் திறக்கும்படி மாற்றியது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'குறிச்சொல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. வலைப்பூக் காலத்தில் கட்டுரையின் அடியில் 'அரசியல், பயணம், சமையல்' என்று வகைப்படுத்தியதற்கு அது பொருத்தமான சொல். ஆனால் அங்கே குறிச்சொல் போட்டவர் தன் அலமாரியைத் தானே அடுக்கிக்கொண்டார். ஹேஷ்டேக்கில் முன்பின் தெரியாத ஆயிரம் பேருடைய எழுத்து ஒரு கயிற்றில் வந்து விழுகிறது. அதனால் 'கொத்துக்குறி' என்ற சொல்லுக்கே என் ஓட்டு. பூங்கொத்து, சாவிக்கொத்து என்று தனித்தனியானவற்றைச் சேர்த்துக் கட்டுவதற்கு நம்மிடம் இருக்கிற சொல் அது. குடும்பத்தோடு அடிமைப்படுவதைச் சொல்லும் கொத்தடிமையிலும் அதே கொத்துதான். (கொத்து பரோட்டாவில் இருப்பது வினை. அதை இங்கே கலக்க வேண்டாம்.)

பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய காலத்தில், எது அச்சேறும் என்பதை ஆசிரியர் மேசை முடிவு செய்தது. பத்துப் பேர் ஒரே குறையை எழுதியிருந்தாலும், ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. கொத்துக்குறி வந்தபின் அந்தப் பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிடுகிறார்கள்.

2011 ஜனவரியில் தமிழக மீனவர்கள் கடலில் கொல்லப்பட்டபோது இது நம் பக்கத்தில் நடந்தது. தேசிய ஊடகங்கள் கண்டுகொள்ளவில்லை என்ற ஆற்றாமையில் ஆங்கில எழுத்தில் 'டிஎன்ஃபிஷர்மேன்' என்ற கொத்துக்குறியோடு தமிழர்கள் எழுதிக் குவித்தார்கள். செத்தது ஒருவருக்கு மேல், குறியில் இருந்தது ஒருமை. இலக்கணம் பார்த்துப் பன்மையில் எழுதினால் கொத்தில் சேராது என்பது இந்தக் குறியின் விதி.

'மீ டூ' கதை இன்னும் விளக்கமானது. தரானா பர்க் என்ற கறுப்பினப் பெண் 2006இலேயே, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்காக அந்தச் சொற்றொடரை மைஸ்பேஸ் தளத்தில் எடுத்தாண்டார். அப்போது முன்னால் # இல்லை. 2017 அக்டோபரில் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டைன் மீதான புகார்களை நாளிதழ் வெளியிட்டபின், நடிகை அலிசா மிலானோவின் ட்வீட்டைத் தொடர்ந்து அது கொத்துக்குறியாக உலகைச் சுற்றியது. நாளிதழ் மாதக்கணக்கில் தேடிச் சரிபார்த்த செய்தி முதலில், கொத்து அதன்பின். சமூக ஊடகம் வந்ததும் பத்திரிகை வேலை தீர்ந்துவிட்டது என்று பேசுகிறவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள்.

நம் ஊடகங்கள் அதை அப்படியே 'மீ டூ' என்று எழுதின. தமிழில் 'நானும்' என்றால் போதும். அந்த 'உம்' சும்மா ஒட்டிக்கொண்டதில்லை. இலக்கணத்தில் அது இறந்தது தழுவிய எச்சவும்மை. எனக்கு முன்னால் இன்னொருத்திக்கு இது நடந்திருக்கிறது என்ற சேதி ஓர் இடைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு இரண்டு சொல்லும் ஒரு # குறியும் தேவைப்பட்ட வேலையில் பாதியை நம் உம்மை முன்பே செய்துவைத்திருக்கிறது.

இந்தியாவில் 2018 அக்டோபரில் அந்தக் கொத்தில் சேர்ந்த பெண்களின் புகார்களால், குற்றச்சாட்டை மறுத்த ஒன்றிய இணையமைச்சர் ஒருவர் பதவி விலகினார். அவர் தொடுத்த அவதூறு வழக்கில் பத்திரிகையாளர் பிரியா ரமாணியை டெல்லி நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விடுவித்தது. இரண்டே சொல்லுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் நீதிமன்றப் படியேறல்.

கொத்தில் பூவும் சேரும், சருகும் சேரும். 2020 ஜூன் 2 அன்று, கறுப்பினத்தவருக்கு ஆதரவு என்று லட்சக்கணக்கானோர் இன்ஸ்டாகிராமில் வெறும் கறுப்புக் கட்டத்தைப் பதிந்தார்கள். பலர் அதோடு 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' (கறுப்பினத்தவர் உயிரும் முக்கியம்) குறியையும் போட்டுவிட்டார்கள். 2013இல் பிறந்த அந்தக் குறியைத் தட்டித்தான் போராட்டக்காரர்கள் எங்கே கூடுவது, யாருக்கு உதவி தேவை என்று பார்த்துவந்தார்கள். அன்று தட்டியவர்களுக்குக் கிடைத்தது திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். அந்தக் குறியைப் போடாதீர்கள் என்று ஆர்வலர்களே கெஞ்ச வேண்டியிருந்தது. நல்லெண்ணத்தாலும் ஒரு கொத்தைக் குலைக்க முடியும்.

தமிழ் எழுத்தில் கொத்துக்குறி போடுவதே முன்பு பெரும்பாடு. உயிர்மெய்க் குறிகளைத் தளங்கள் எழுத்தாகவே மதிக்காத காலத்தில் '#சமூகநீதி' என்று தட்டினால், 'சம' வரைக்கும் மட்டும் நீலமாகும். 'மூ'வின் ஊகாரக் குறியில் அறுந்து, மீதி கறுப்பாகக் கிடக்கும். சமூகமும் போய், நீதியும் போய், 'சம' மட்டும் மிச்சம்! இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது.

சரியாகாதது ஒற்று. கொத்துக்குறியில் இடைவெளி கூடாது என்பதால் சொற்களைச் சேர்த்தெழுத வேண்டும், சேர்த்தால் புணர்ச்சி வந்து நிற்கும். '#மீனவரைக்காப்போம்' என்று எழுதியவர்கள் ஒரு கொத்து, '#மீனவரைகாப்போம்' என்று எழுதியவர்கள் இன்னொரு கொத்து. ஒரே கோரிக்கை, ஒரே கோபம், நடுவில் ஒரு 'க்'. பேச்சில் நானும் 'டேக்' என்றுதான் சொல்கிறேன், எழுத்தில் 'கொத்துக்குறி' என்று எழுதுகிறேன். ஆனால் ஊரே ஒற்றை விட்டுவிட்டு எழுதும் நாளில், வல்லெழுத்து மிகும் என்று தெரிந்தும் அந்த 'க்'கைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுத்தான் பதிகிறேன்.