விந்துப் போட்டி: ஓட்டப்பந்தயம் அல்ல

உயர்தர உயிரியல் வகுப்பில் 'விந்துப் போட்டி' என்ற சொல்லைப் பலகையில் எழுதியதுமே பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம்தான் நினைவுக்கு வரும். கோடிக்கணக்கான விந்துகள் முட்டையை நோக்கி ஓடுகின்றன, முந்தியது வெல்கிறது. இலங்கை மலையகத்து ஹட்டனில் பாடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, இந்தப் படத்தை அவர்கள் மனதிலிருந்து அழிக்கவே பாதி நேரம் போய்விடுகிறது. அது ஒரே ஆணின் விந்துகள் ஓடும் ஓட்டம். விந்துப் போட்டிக்குக் குறைந்தது இரண்டு ஆண்கள் வேண்டும். ஒரு பெண் விலங்கு குறுகிய காலத்துக்குள் பல ஆண்களோடு சேரும்போது, அதன் உடலுக்குள் வெவ்வேறு ஆண்களின் விந்துகள் அதே முட்டைகளுக்காகப் போட்டியிடுகின்றன. இந்தக் கருத்தை வகுத்துத் தந்தவர் பிரித்தானிய உயிரியலாளர் ஜெஃப் பார்க்கர். 1970இல், பூச்சிகளைப் பற்றிய ஒரு கட்டுரையில்.

ஆங்கிலத்தில் இது 'sperm competition'. அதிலுள்ள 'sperm' என்ற சொல்லின் வேர் கிரேக்கத்து 'ஸ்பெர்மா'. பொருள் விதை, விதைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. நம்முடைய 'விந்து' வேறு வழியில் வந்த சொல். வடமொழி 'பிந்து', அதாவது துளி. அவர்கள் வித்தைப் பார்த்த இடத்தில் நாம் துளியைப் பார்த்திருக்கிறோம். சரி, 'விதை' என்றே வைத்துக்கொண்டால் என்ன? முடியாது. மலையகத்தில் விதை என்றால் பழைய மலைகளில் நிற்கும், விதை போட்டு வளர்த்த விதைத் தேயிலை ஞாபகம் வரும்; நமது பாடநூலோ விந்து உண்டாகும் உறுப்பையே விதை என்கிறது.

அந்த விதையில்தான் போட்டியின் தடயம் முதலில் தெரியும். தோட்டத்து லயத்தில் பொறிவைத்து ஆண் எலி பிடித்தவர்கள் அதன் விதைப்பையைப் பார்த்து வியந்திருப்பார்கள். ஆய்வுகூட எலியில் இரு விதைகளும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ 1 சதவீதம். மனிதனில் 0.1 சதவீதம்கூட இல்லை. பெண் எலி ஒரே வேட்கைக் காலத்தில் பல ஆண்களோடு சேரும். அப்போது அதிக விந்து தருகிற ஆணுக்கு அதிக வாய்ப்பு, லொத்தர் சீட்டு நிறைய வாங்கியவருக்கு இருப்பது போல.

பெருச்சாளியைப் பாருங்கள். உடலில் எலியைவிட எவ்வளவோ பெரியது. ஆனால் பண்டிகோட்டா இண்டிகா என்ற பெருச்சாளி இனத்தில் விதை உடலளவுக்கு மிகவும் சிறியது, விந்தின் தலையும் ஒரே அச்சில் இல்லாமல் பல வடிவங்களில் இருக்கிறது. போட்டி குறைந்த இனமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் இதிலிருந்து ஊகிக்கிறார்கள். எலியின் விந்துத் தலையோ கொக்கி போல வளைந்தது. ஐரோப்பியக் காட்டுச் சுண்டெலி ஒன்றில் இந்தக் கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, நூற்றுக்கணக்கான விந்துகள் ரயில் பெட்டிகளாய்ச் சேர்ந்து, தனியே நீந்துவதைவிட வேகமாகப் போகின்றன. ஒரே ஆணின் விந்துகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இந்தக் காட்சியைச் சொன்ன பிறகுதான் வகுப்பில் அந்தப் பழைய ஓட்டப்பந்தயம் மெல்ல மறையும்.

அப்புறம், 'விந்தணுப் போட்டி' என்று எழுதலாமா? தமிழ்நாட்டு நூல்களில் உயிரணுவுக்கு விந்தணு, திரவத்துக்கு விந்து என்று பிரித்து எழுதுவார்கள். நமது பாடநூலில் உயிரணுதான் விந்து, திரவம் சுக்கிலம். வீட்டுப் பேச்சில் இரண்டும் விந்துதான். எனக்கு இந்த விரிந்த பொருளே பிடித்திருக்கிறது. ஏனென்றால் எலிகளின் போட்டியில் திரவமும் இறங்குகிறது. சுக்கிலப் புடகம் என்ற சுரப்பியிலிருந்து வரும் புரதங்கள் வேறொரு சுரப்பியின் நொதியால் இறுகி, சேர்க்கைக்குப் பின் பெண்ணின் யோனியில் அடைப்பாக நின்றுவிடும். அடுத்து வரும் ஆணின் விந்துக்கு அது தடை. இதற்குக் 'கலவி அடைப்பு' என்று நான் எழுதுகிறேன். 'விந்தணு' என்று குறுக்கினால் இந்த அடைப்பு சொல்லுக்கு வெளியே நின்றுவிடும். அதனால் விந்துப் போட்டி என்றே எழுதுவோம். பரீட்சையில் வரைவிலக்கணம் கேட்டால் மட்டும், 'வெவ்வேறு ஆண்களின்' என்ற இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள்.