இடைக்கணிப்பு

இலங்கை மலையகத்து ஹட்டனில் திருவிழாப் பேனர் அடிக்கிற கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது 'ரீசைஸ்'. படத்தின் அளவு மாறும்போது, புதிதாக வரும் ஒவ்வொரு பிக்சலுக்கும் என்ன நிறம் என்று பழைய பிக்சல்களைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். இந்தக் கணக்குக்குப் பெயர் இன்டர்போலேஷன், தமிழில் இடைக்கணிப்பு.

இலத்தீன் 'இன்டர்போலாரே' பழைய பொருளை மெருகேற்றிப் புதிதுபோல் ஆக்குவதைக் குறித்தது. பிறகு, மூலத்தில் இல்லாத வரியைப் பிரதியில் நுழைப்பதற்கும் அந்தச் சொல் வழங்கியது. நாம் இடைச்செருகல் என்பது இதைத்தான். கணிதத்தில் இச்சொல்லைக் கையாண்டவர் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ஜான் வாலிஸ். கணிதத்துக்கும் இடைச்செருகல் என்றே எழுதுவோர் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. யாரோ ஏட்டில் கள்ளத்தனமாகச் செருகிய செய்யுள்தான் நினைவுக்கு வருகிறது. இடைக்கணிப்பில் கணிப்பு இருக்கிறது, குற்றச்சாட்டு இல்லை.

சரி, கணக்கு என்றால் விடை ஒன்றுதானே வர வேண்டும்? "அண்ணே, ரெண்டு கொம்பியூட்டர்லயும் பைகியூபிக்தான் போட்டேன். ஒண்ணுல மட்டும் லயத்துக் கூரை பட்டை பட்டையா வருது" என்றார், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் படத்தைச் சிறிதாக்கிக்கொண்டிருந்த ஸ்டூடியோத் தம்பி ஒருவர். நியாயமான கேள்வி.

பைகியூபிக் ஓர் இடைக்கணிப்பு முறை. ஆனால் அந்தப் பெயருக்குள் பல சூத்திரங்கள் ஒளிந்திருக்கின்றன. ராபர்ட் கீஸ் 1981இல் விளக்கிய முறையில் ஓர் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். பைதான் நிரல்மொழிக்காரர்களின் படக் கருவியான பில்லோ அதை -0.5 என்று வைத்திருக்கிறது, இன்னொரு படக் கருவியான ஓப்பன்சிவி -0.75. பின்னதில் விளிம்புகள் கூர்மையாகும், கூடவே ஓரங்களில் வெளிர் வளையமும் படியும்.

கூரைப் பட்டைக்குக் காரணம் வேறு. 4000 பிக்சல் அகலப் படத்தை 500 ஆக்கினால், ஒரு புதிய பிக்சல் 64 பழைய பிக்சல்களின் இடத்தை நிரப்புகிறது. ஓப்பன்சிவியின் பைகியூபிக் அருகிலுள்ள 16ஐ மட்டும் பார்த்துவிட்டு மற்றதைத் தாண்டிப் போய்விடும். தகரத்தின் நெளிவில் ஓரிடத்தில் மேட்டு வெளிச்சம் அகப்படும், அடுத்த இடத்தில் பள்ளத்து நிழல். அப்புறம் என்ன, கூரையில் இல்லவே இல்லாத அகலப் பட்டைகள் படத்தில் முளைக்கும். தூரத்துத் தேயிலை நிரைகளுக்கும் இதே கதிதான். பில்லோ சிறிதாக்கும்போது தன் எல்லையை விரித்து எல்லாவற்றையும் கணக்கில் எடுப்பதால் பட்டை அடங்கிவிடும். ஓப்பன்சிவியிலும் வழி இருக்கிறது: சிறிதாக்க 'இன்டர் ஏரியா' என்ற முறையைப் போட வேண்டும்.

வெளிச்சமும் மாறும். கறுப்பு 0, வெள்ளை 255. கோப்பில் உள்ள எண்களை அப்படியே சராசரி பார்த்தால் 128. உண்மையான ஒளியளவுக்கு மாற்றிச் சராசரி எடுத்து மீண்டும் கோப்பு எண்ணாக்கினால் ஏறக்குறைய 188. முதல் வழியில் போகும் மென்பொருளில் அதே கூரை கொஞ்சம் இருண்டு நிற்கும்.

கறாராகப் பார்த்தால், இடைக்கணிப்பு பெரிதாக்கலுக்கே முழுதாகப் பொருந்தும். சிறிதாக்கலில் இடையில் கணிக்க ஒன்றுமில்லை, இருப்பதைத் திரட்டுகிறோம். அதற்கு மறுமாதிரியாக்கம் (ரீசாம்பிளிங்) என்பது சரி. இமேஜ்மேஜிக் என்ற படமென்பொருளும் இரண்டையும் பிரித்தே நடத்துகிறது: நாம் எதையும் குறிப்பிடாவிட்டால், சாதாரணப் படத்தைப் பெரிதாக்க மிட்செல் என்ற சூத்திரத்தையும் சிறிதாக்க லான்சோஸ் என்ற சூத்திரத்தையும் தானே எடுத்துக்கொள்கிறது.